எப்போதும் பசிக்கும் நாய்: கிண்ணத்தை மறுபடி நிரப்பும் முன்

சாப்பிட்டு முடித்த மறுநிமிடமே காலியான கிண்ணத்தின் அருகே நின்று முகத்தையே பார்க்கும் நாயிடம் மனத்தைக் கல்லாக்கிக்கொள்வது எளிதல்ல. நான் இரங்கி இரங்கிப் போட்டதில் என் நாயின் இடுப்பு வளைவு மறைந்ததே தவிர, பசி துளியும் குறையவில்லை. அளவைக் கூட்டாமல், உணவு தரும் விதத்தை மாற்றியபோதுதான் அது அமைதியானது.

முதல் படி: நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பசி திடீரென்று கூடியிருந்தாலோ, நன்றாகத் தின்றும் நாய் மெலிந்தாலோ, தண்ணீர் அதிகம் குடித்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு, குடற்புழு, கணையக் கோளாறு எல்லாம் பசியைத் தூண்டும்; ஸ்டீராய்டு மருந்துகளும் தூண்டும்.

இரண்டாம் படி: விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். கையை மூடி விரல் முட்டிகளைத் தடவினால் தெரியும் மேடுபள்ளம் போல இருந்தால் நாய் மெலிவு. உண்மையாகவே கூடுதல் உணவு வேண்டும். விரித்த கையின் புறங்கையைப் போல இருந்தால் சரியான உடல். உள்ளங்கையைப் போல மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது. நாயின் கண்களைவிட இந்தச் சோதனையை நம்புங்கள்.

ஆனால், கெஞ்சும் நாய் நடிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்த உதவும் பிஓஎம்சி மரபணுவின் ஒரு பகுதி இல்லை என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதட்டினால் அந்தப் பசி போகாது.

மூன்றாம் படி: ஒரு நாளைய உலர் தீவனத்தைக் காலையிலேயே தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். குவளையால் அளந்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். பயிற்சிக்குத் தரும் துண்டுகளையும் இதே டப்பாவிலிருந்து எடுங்கள். தனியாகப் பிஸ்கட் கொடுத்தால், அது நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நாளைக்கு 600 கலோரி தேவைப்படும் நாய்க்கு 60 கலோரிதான். வீட்டில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாலே அது தீர்ந்துவிடும்!

நான்காம் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே உணவை மூன்று வேளையாகப் பிரித்து, நாயைத் தேட வையுங்கள். புல்தரையில் தூவலாம், பழைய துண்டில் சுருட்டி வைக்கலாம், ஊறவைத்து ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறையவைக்கலாம். ஒரு நிமிடத்தில் விழுங்கியதை இருபது நிமிடம் மோந்து தேடித் தின்ற பிறகு என் நாய் தானாகவே போய்ப் படுத்துக்கொள்கிறது.

வயிறு நிறைய, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸையோ கேரட்டையோ சிறிதளவில் தொடங்கிச் சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) கலந்த எதுவும் வேண்டாம். இவை நாய்க்கு நஞ்சு.

கடைசிப் படி கடினமானது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு துண்டுகூடத் தராதீர்கள். நிறுத்திய முதல் சில நாட்களில் கெஞ்சல் முன்னைவிட அதிகமாகும். அந்த நேரத்தில் ஒருமுறை இரங்கினாலும், இன்னும் உரக்கக் கேட்டால் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அதனால் நீங்கள் சாப்பிட உட்காரும் முன்பே, உறையவைத்த பொம்மையை அதன் படுக்கையில் வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பையும் தடவிப் பார்த்து, டப்பாவின் அளவைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.