லடாக் போஸ்டில் லங்கர் பொறுப்பா? போவதற்கு முன் படியுங்கள்

லடாக் பக்கம் போஸ்டிங் வந்து, லங்கர், அதாவது ராணுவச் சமையற்கூடத்தின் பொறுப்பும் தலையில் விழுந்துவிட்டதா? சரி, ஊரில் பழகிய கைப்பக்குவத்தில் பாதி அங்கே செல்லாது. லே நகரமே கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், 5,000 மீட்டர் போஸ்டில் 83-க்குப் பக்கம். தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பானையில் அரிசியைப் போட்டால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். முதல் வாரம் நான் பொங்கிய சோற்றைப் பார்த்த சுபேதார் சாப் ஒன்றும் பேசாமல் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதனால் சோறு, பருப்பு, கறி எல்லாமே குக்கரில்தான். ஊரில் குக்கருக்குள் 120 டிகிரி வரும், லேயில் 114 போலத்தான் ஏறும், ஆகவே ஊர்க் கணக்குக்கு மேல் இரண்டு மூன்று விசில் விடுங்கள். ராஜ்மா, கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, பாத்திரத்தை அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பின் பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் பனிக்கட்டிக்குள் கடலை இருக்கும்.

தண்ணீருக்குப் பனியை உருக்கும்போது அடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள், வெறும் பாத்திரத்தில் போட்டால் அடி தீய்ந்து அன்றைய டீ முழுக்கப் புகை வாடைதான். டின் உணவை டின் மூடியபடி நெருப்பில் வைக்கவே கூடாது, வெந்நீரில் போட்டு இளக்குங்கள். அப்புறம், ஸ்டவ் எரியும்போது காற்றுப்போக்கை அடைக்காதீர்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

ரேஷனில் பழையதை முதலில் எடுங்கள். மணாலியிலிருந்து லடாக் வரும் வழியில் ரோஹ்தாங் கணவாயைச் சுற்றாமல் போக 2020-இல் அடல் சுரங்கம் வந்துவிட்டதுதான், ஆனால் அதற்கப்பால் பாராலாச்சா கணவாய் குளிர்காலத்தில் இன்னும் மூடிக்கொள்கிறது, அதனால் கோடையில் சேர்த்து வைத்ததை நம்பித்தான் பல போஸ்ட்கள் ஓடுகின்றன. உருளைக்கிழங்கு உறைந்தால் கறுத்து இனிக்கும், முட்டை வெடிக்கும். இரண்டையும் சுவரோரம் வைக்காமல் நடுவில் வைத்துப் போர்வை போடுங்கள்.

இவ்வளவும் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: அங்கே பசியே எடுக்காது. குளிரிலும் சுமையிலும் உடம்பு ஊரைவிட அதிகம் கேட்கும், வாயோ வேண்டாம் என்னும். மைசூரில் 1961-இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய பாக்கெட் உணவுகள் நல்லவைதான், சுடவைத்தால் போதும், ரோந்துக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் பத்தாவது நாளும் அதே புலாவ் என்றால் பையன் பாக்கெட்டைப் பிரிக்கவே மாட்டான். அதனால் மூன்று வேளைப் படையலை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சூடாகக் கொடுங்கள்: சூப், இனிப்பு டீ, சேமியா பாயசம். மாவுச்சத்தும் சர்க்கரையும் எரிய ஆக்சிஜன் குறைவாகப் போதும், அதனால் எண்ணெயைக் கொட்டுவதைவிட இது உடம்புக்கு ஒத்துப்போகும். 2023-இல் ராணுவம் சிறுதானியத்தை மறுபடி ரேஷனில் சேர்த்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி அந்த உயரத்துக்கென்றே பிறந்தது, மாவு என்பதால் சீக்கிரம் வெந்துவிடும், தொண்டையிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். நம்மூர்ப் பையன்கள் இருந்தால் வீட்டுப் புளிக்காய்ச்சல், ஊறுகாய், பருப்புப்பொடியைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு ஸ்பூன் புளிக்காய்ச்சலுக்காகவே கால் தட்டுச் சோறு கூடுதலாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பரிமாறியதோடு வேலை முடியாது, திரும்பி வரும் தட்டுகளைப் பாருங்கள். புதிதாக மேலே வந்தவன் தலைவலி என்று சொல்லிக்கொண்டு இரண்டு வேளை சோற்றைத் தொடாமல் அனுப்பினால், உங்கள் சமையல் சரியில்லை என்று ரோஷப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே நர்சிங் அசிஸ்டென்டிடம் சொல்லுங்கள், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும்.