பழைய கட்டளையைத் திரும்பத் தட்ட வேண்டாம்

நேற்று டெர்மினலில் அடித்த நீளமான கட்டளையைத் தேடி மேல் அம்புக்குறியை நாற்பது தடவை தட்டுகிறீர்களா? விடுங்கள். கண்ட்ரோலோடு ஆர் அழுத்தி, நினைவிருக்கும் நாலு எழுத்தை அடித்தால் போதும், பாஷ் (டெர்மினலில் நீங்கள் அடிக்கிற கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்) அதைக் கொண்டுவந்து நிறுத்தும்; அது இல்லையென்றால் மறுபடி கண்ட்ரோல் ஆர், இன்னும் பழையது வரும். வேண்டாமென்றால் கண்ட்ரோல் ஜி.

ஆனால் பாஷ் தானாக 500 கட்டளைகளைத்தான் நினைவில் வைக்கும். ஹோம் ஃபோல்டரில் உள்ள பாஷ்ஆர்சி (.bashrc) என்ற அமைப்புக் கோப்பில், எத்தனை கட்டளைகளை வைக்கலாம் என்று சொல்லும் ஹிஸ்ட்சைஸ் (HISTSIZE), ஹிஸ்ட்ஃபைல்சைஸ் (HISTFILESIZE) இரண்டையும் 50000 ஆக்குங்கள். பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில். சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி கூடவே கூடாது (இடைவெளி விட்டதால் அரை மணி நேரம் முழித்தவன் சொல்கிறேன்). அப்புறம் புது டெர்மினல் திறந்தால் சரி.

அதே கோப்பில் ஹிஸ்ட்கன்ட்ரோலுக்கு (HISTCONTROL) இக்னோர்போத் (ignoreboth) என்று கொடுத்துவிட்டால், முன்னால் ஒரு இடைவெளி விட்டு அடிக்கிற கட்டளை பாஷ் நினைவில் வைக்கிற பட்டியலான ஹிஸ்டரியில் ஏறாது. பாஸ்வேர்டு கலந்த வரிகளை அப்படித்தான் அடிக்கிறேன்.