பம்பர் வேலைக்கு ஆளை வீட்டுக்கு வரவழைக்கும் முன்

கோத்தகிரியில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் வளைவில் பஸ் வந்தால் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அப்படி ஒதுங்கி ஒதுங்கியே என் வண்டியின் முன் பம்பர் நாலு முறை அடி வாங்கியிருக்கிறது. பட்டறையில் இரண்டு நாள் விட்டால் இரண்டு நாள் சவாரி போச்சு. அதனால் கம்ப்ரசரோடு வீட்டுக்கே வருகிற ஆளைத்தான் கூப்பிடுகிறேன்.

போன் போடும் முன் அடி எந்த ரகம் என்று பாருங்கள். கீறலின் குறுக்கே விரல் நகத்தை இழுங்கள். நகம் மாட்டவில்லையா, பாலிஷிலேயே போய்விடும். மாட்டினால் பெயிண்ட் வேலை. பம்பரைப் பிடித்திருக்கும் லாக்குகள் பல முறிந்திருந்தாலோ, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் வளைந்திருந்தாலோ அது வாசலில் முடியாது, பட்டறைக்கே போங்கள்.

கிழியாமல் உள்வாங்கியிருந்தால் பாதி வேலை சுடுதண்ணீரிலேயே முடியும். ஒருமுறை ஹோம்ஸ்டே வாசலில் ரிவர்ஸ் எடுத்தபோது பின் பம்பர் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. வந்த தம்பி என் மனைவியிடம் ஒரு கெட்டில் கொதிநீர் கேட்டார். ‘டீக்கு இல்லக்கா, காருக்கு’ என்றார். குழியின் மேல் நிதானமாக ஊற்றினார், அடியிலிருந்து கையுறைபோட்ட கையால் அழுத்தினார், ‘டப்’ என்று வெளியே வந்துவிட்டது. உடனே பச்சைத் தண்ணீர். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டியிருந்தால் பெயிண்ட் கொப்புளித்திருக்கும் என்றார்.

விரிசல் வேறு கதை. இன்ஸ்டன்ட் பசையை மறந்துவிடுங்கள். இப்போதைய பம்பர்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் வகை. அதன் மேல் பசையோ பெயிண்ட்டோ லேசில் பிடிக்காது. பம்பரின் உள்பக்கம் ‘பிபி’ என்று தொடங்கும் எழுத்துகள் அச்சாகியிருந்தால் அதுதான். நல்ல ஆள் விரிசலின் நுனியில் சின்னத் துளை போட்டு மேலே ஓடாமல் நிறுத்துவார். பிறகு உள்பக்கம் கம்பி பின்னைச் சூடாக்கிப் புதைத்து, அதே ரக பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் வைப்பார். பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டியும் (putty) பம்பருக்கென்று வளைந்து கொடுக்கும் பட்டியாக இருக்கவேண்டும். தகரத்துக்கு வைக்கிற பட்டியை வைத்தால் அடுத்த ஸ்பீடு பிரேக்கரிலேயே வெடிக்கும்.

எனக்கு முதலில் வேலை செய்த ஒருவர், அவர் பேர் வேண்டாம், வெறும் பிளாஸ்டிக் மேல் நேராகப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். ஆறே மாதத்தில் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. பெயிண்ட்டுக்கு முன் பிளாஸ்டிக்கில் பிடிப்புக்காக அடிக்கிற பூச்சுதான் பிரைமர். அதிலிருந்து நான் கேட்கிற முதல் கேள்வி: “தம்பி, பிளாஸ்டிக் பிரைமர் கொண்டுவர்றீங்களா?” ‘அதெல்லாம் தேவையில்லண்ணே’ என்றால் போனை வைத்துவிடுவேன்.

கலர் கோடை முன்கூட்டியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஸ்டிக்கர் இருக்கும். சில்வர், மெட்டாலிக் கலர் என்றால் அடிபட்ட இடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் அடிக்க விடாதீர்கள்; வெயிலில் தனியாகத் தெரியும். முழு பம்பரையும் அடிக்கச் சொல்லுங்கள், காசு கூடத்தான் ஆகும்.

மலையில் இதைவிடப் பெரிய விஷயம் வானம். வெல்டிங்கை எந்த நாளும் வைக்கலாம். பெயிண்ட்டை மஞ்சு இறங்கும்போது அடித்தால் மேலே அடிக்கிற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைக்காலம். அப்போது பெயிண்ட்டைத் தள்ளிப்போடுங்கள். மற்ற மாதங்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், கூரை போட்ட போர்ட்டிகோவில். கம்ப்ரசருக்கு 15 ஆம்ப் பிளக் வேண்டும், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சமவெளியிலிருந்து வருகிற ஆள் என்றால், இங்கே குளிர், தின்னரை அதற்கேற்றபடி கொண்டுவா என்று ஞாபகப்படுத்துங்கள்.

இன்சூரன்ஸில் போகலாமா? கிளைமில் நம் கையிலிருந்து போகிற கட்டாயக் கழிவே சொந்தக் காருக்கு 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. அதோடு பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போகும்; வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் ஒரு வருஷம் கிளைம் இல்லையென்றால் 20%, ஐந்து வருஷமானால் 50%. சின்ன அடிக்குக் கைக்காசே மேல் என்பது என் கணக்கு. கிளைம் போடுவதென்றால் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் தொடாதீர்கள்.

காசு கொடுக்கும் முன் பார்க்கிங் சென்சார் ‘பீப்’ அடிக்கிறதா என்று ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். அதன் மேல் பெயிண்ட் கனமாக ஏறினால் தடுமாறும். ஒரு வாரம் பிரஷர் வாஷ் வேண்டாம், ஒரு மாதம் மெழுகு பாலிஷ் வேண்டாம். அன்று சாயங்காலம் வரை யாராவது வண்டிப் பக்கம் உட்கார்ந்திருங்கள். என் பம்பரில் இன்னும் ஒரு குரங்கின் ஐந்து விரலும் இருக்கிறது.