பச்சைக் கோழிக்கறியைக் கையாள்வது எப்படி? மருந்துக்கு அடங்காத கிருமி சட்டிக்கு வெளியே பரவாமல் தடுக்கும் முறை

கறிக்கோழிப் பண்ணைகளில் நோய் வந்தபோது மட்டுமல்ல, வராமல் இருக்கவும், எடை சீக்கிரம் ஏறவும்கூட தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. அந்த மருந்துக்குச் சாகாமல் தப்பிய கிருமிகள் கோழியின் குடலில் பெருகுகின்றன. இறகு பிடுங்கும் இயந்திரத்திலும் குடலை எடுக்கும்போதும் வெட்டுக்கட்டையிலும் அவை கறியின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஈ.கோலை, சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு மருத்துவர்களை உலுக்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினையே தாங்கும் மரபணு, பன்றிகளிடமும் கடையில் விற்ற பச்சை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கிடைத்தது. எம்சிஆர்-1 என்ற அந்த மரபணு, பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. தடை அவசியமானது. ஆனால் ஏற்கெனவே பரவிவிட்ட கிருமிகளை அது அழித்துவிடாது. அதனால் வீட்டுச் சமையலறையின் வேலை அப்படியே இருக்கிறது.

தொடங்கும் முன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். கறியில் தங்கும் மருந்தின் எச்சம் வேறு, மருந்தைத் தாங்கும் கிருமி வேறு. ‘ஆன்டிபயாடிக் இல்லாதது’ என்று எழுதிய பொட்டலத்திலும் கிருமி இருக்கலாம், நாட்டுக்கோழியிலும் இருக்கலாம். அடுத்தது, மருந்தைத் தாங்கும் கிருமி சூட்டையும் தாங்கும் என்ற பயம். அது தாங்காது. சாதாரண சால்மொனெல்லா சாகும் அதே சூட்டில் இதுவும் சாகும். ஆகவே நன்றாக வெந்த குழம்பில் ஆபத்து இல்லை. சட்டிக்குப் போகுமுன் அந்தக் கறி எதையெல்லாம் தொட்டது என்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: வாங்கும்போது

காய்கறி, பால், மளிகை எல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாகக் கறிக்கடைக்குப் போங்கள். வெயில் 32 டிகிரி செல்சியசைத் தாண்டினால், கறி வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அது குளிர்பெட்டியிலோ அடுப்பிலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம் தாங்கும். 37 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் 64 ஆகிவிடும்.

கடைக்காரர் தரும் மெல்லிய பையில் நீர் கசியும். அதனால் வீட்டிலிருந்து மூடியுள்ள டப்பா ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. கொத்தமல்லிக் கட்டும் கறிப்பையும் ஒரே கட்டைப்பையில் வரவே கூடாது.

படி 2: பையைப் பிரிக்கும் முன்

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான், அதுவும் யாருக்கும் தெரியாமல். கறியைக் கழுவிக்கொண்டே மஞ்சள்தூள் எடுக்க அஞ்சறைப்பெட்டியைத் திறக்கிறோம். உப்பு ஜாடியில் கை போகிறது. எண்ணெய்ப் புட்டி, அடுப்பின் திருகு, குளிர்பெட்டிக் கைப்பிடி, செல்போன் என்று வரிசையாகத் தொடுகிறோம். மறுநாள் அதே உப்பு மோரில் விழுகிறது.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றுங்கள். பச்சையாகச் சாப்பிடும் வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாவற்றையும் முதலில் நறுக்கி, மூடி, தள்ளி வையுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, தயிர் ஆகியவற்றைத் தேவையான அளவு சிறு கிண்ணங்களில் எடுத்து வையுங்கள். அஞ்சறைப்பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு கறிப்பையைப் பிரியுங்கள்.

கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி இருந்தால் நல்லது. வீட்டில் ஒரே அரிவாள்மனைதான் என்றால் காய்க்கு முதலில், கறிக்குக் கடைசியில். இரும்பு பலகையோடு சேரும் இடுக்கில் கறித்துணுக்கு தங்கும். அங்கே பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும்.

படி 3: கழுவலாமா?

கிருமியை நீக்க வேண்டும் என்றால் கழுவத் தேவையில்லை. கழுவினால் கிருமி இடம் மாறுகிறதே தவிர சாவதில்லை. குழாயை வேகமாகத் திறந்து கறியை அலசும்போது தெறிக்கும் துளிகள் அரை மீட்டருக்கு மேலும் போகும். பக்கத்தில் கவிழ்த்து வைத்த தம்ளர்கள் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. மஞ்சளும் உப்பும் வினிகரும் எலுமிச்சையும் வாடையைக் குறைக்கும். ஆனால் சமையலறையில் நாம் போடும் அளவுக்கும் நேரத்துக்கும் கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. சிவப்பாக வடிவது பெரும்பாலும் ரத்தம் அல்ல, தசையின் நீரும் மயோகுளோபின் என்ற நிறப்பொருளும்தான்.

ஆனாலும் நம் ஊர்க் கடையில் வெட்டிய கறியில் எலும்புத் தூளும் இறகும் ஒட்டியிருக்கும். ஆட்டுக்குடலைக் கழுவாமல் சமைக்கவே முடியாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். சிங்க்கைச் சுற்றியுள்ள பாத்திரங்களை அகற்றிவிட்டு, ஆழமான பாத்திரத்தில் முதலில் தண்ணீரைப் பிடித்துக் குழாயை மூடுங்கள். கறியை அதில் மூழ்கவிட்டு, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகத் துழாவுங்கள். தண்ணீரைச் சிங்க்கின் ஓட்டையை ஒட்டித் தெறிக்காமல் ஊற்றுங்கள். இரண்டு முறை போதும். பிறகு சிங்க்கைப் படி 6-ல் சொன்னபடி சுத்தம் செய்யாமல் வேறு எதையும் அதில் வைக்காதீர்கள்.

கை கழுவ சோப்பும் 20 விநாடியும் வேண்டும். கறிக்கையால் திறந்த குழாயின் திருகையும் சோப்பால் கழுவுங்கள். இல்லாவிட்டால் கழுவிய கை மறுபடி அதையே தொடும்.

படி 4: ஊறவைத்தல், சேமித்தல்

மசாலா தடவிய கறி மேடையில் ஊறக் கூடாது. மூடிய டப்பாவில், குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் தயிரிலும் தக்காளியிலும் விழும். உள்ளே சூடு 4 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் பச்சைக் கோழி 1 முதல் 2 நாள் வரை இருக்கும். மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதவரை சுமார் 4 மணி நேரம் குளிர் தங்கும்.

உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் கிருமி உறங்குமே தவிர சாகாது. உறைந்ததை இளக்க முதல் நாள் இரவே அடித்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ சுமார் ஒரு மணி நேரத்தில் இளகும். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

படி 5: வேகவைத்தல்

கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். கம்பி முனையுள்ள டிஜிட்டல் உணவு வெப்பமானியை மிகத் தடிமனான துண்டில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். எலும்பில் பட்டால் அளவு தவறாகக் காட்டும். நிறத்தை நம்ப வேண்டாம். மிளகாய்த்தூளும் தயிரும் நிறத்தை மறைத்துவிடும். இளங்கோழியின் எலும்பு ஓரம் வெந்த பிறகும் சிவந்திருக்கலாம்.

குக்கரில் சுமார் 120 டிகிரி வரை ஏறுவதால் அங்கே கவலை இல்லை. குழம்பும் கொதித்துத் துண்டுகள் மூழ்கி வெந்தால் சரிதான். பொரியலும் கிரில்லும்தான் ஏமாற்றும். சிக்கன் 65-க்குத் துண்டு பெரிதாகி, எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போட்டாலும், ஒரே ஈட்டில் அதிகம் போட்டு எண்ணெய்ச் சூடு இறங்கினாலும் அதே கதைதான். துண்டை 3 சென்டிமீட்டருக்குள் வெட்டி, மிதமான தீயில் பொரியுங்கள்.

கிரில் செய்யும்போது, பச்சைக்கறி ஊறிய மசாலாவைப் பிரஷ்ஷால் வெந்த கறிமேல் தடவாதீர்கள். தடவ வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே கொஞ்சம் மசாலாவைத் தனியே எடுத்து வையுங்கள். பச்சைக்கறி இருந்த தட்டில் வெந்ததை எடுத்து வைப்பதும் இதே தவறுதான்.

படி 6: சுத்தம் செய்தல்

முதலில் சோப்பு, பிறகு பிளீச். வரிசை மாறக் கூடாது. கொழுப்பும் கறித்துணுக்கும் இருக்கும் இடத்தில் பிளீச்சில் உள்ள குளோரின் அவற்றோடு வினைபுரிந்து வீணாகிவிடும். வாசனை சேர்க்காத, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் திரவம் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, 1 லிட்டர் தண்ணீருக்குப் போதும். பலகை, கத்தி, சிங்க், மேடை எல்லாவற்றிலும் ஊற்றி, சில நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். வினிகரோடோ கழிப்பறை ஆசிட்டோடோ பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

மேடையைத் துடைக்கும் கரித்துணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரமும் உணவுத்துகளும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடம் அது. கறி வேலைக்குப் பழைய செய்தித்தாளைப் பயன்படுத்தி எறிந்துவிடுங்கள், அல்லது துணியை 5 நிமிடம் கொதிக்கவிட்டு வெயிலில் உலர்த்துங்கள். நாய்க்கும் பூனைக்கும் கழிவைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துப் போடுங்கள். அவற்றின் வயிற்றிலும் இந்தக் கிருமி தங்கி, குழந்தைகளின் கைக்கு வரும்.

படி 7: வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

பெரும்பாலானவை தானாகவே சரியாகும். உப்புச்சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அது குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, தாங்கும் கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள்.

கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம், 3 நாளுக்கு மேல் நீடிக்கும் போக்கு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

தாங்கும் ஈ.கோலை எந்த நோயும் காட்டாமல் குடலில் மாதக்கணக்கில் தங்கி, பின்னாளில் சிறுநீர்த் தொற்றாக வரலாம். கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்றால், கல்ச்சர் மற்றும் சென்சிடிவிட்டி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று அது காட்டும். சிறுநீர் மாதிரியை ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. மருந்து உள்ளே போன பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் போய், பரிசோதனை ஒன்றும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.