பொட்டலத்துக்கு வரைவது எப்படி?

நன்றாகப் படம் வரையும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, பேக்கேஜ் டிசைனர் ஆக எந்த சாஃப்ட்வேர் படிக்கணும்?" சாஃப்ட்வேர் இருக்கட்டும். முதலில் மளிகைக் கடையில் 100 கிராம் சாம்பார் பொடி, அட்டைப்பெட்டியில் வருவது, ஒன்று வாங்குங்கள். பொடியை டப்பாவில் கொட்டிவிட்டு, பெட்டியை ஒட்டிய இடத்தில் பிரித்துத் தரையில் விரியுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல் கீழ் மடிப்பு, பசை தடவும் பட்டை எல்லாம் ஒரே அட்டையில் கிடக்கும். ஸ்கேல் வைத்து அளந்து அப்படியே வரையுங்கள். பெட்டியை எங்கே வெட்ட, எங்கே மடிக்க என்று காட்டும் இந்தக் கோட்டுப்படத்துக்குத்தான் டை லைன் என்று பெயர். வெட்டும் கோட்டைத் தாண்டி வண்ணம் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். பசைப் பட்டையில் மை ஏறக்கூடாது, ஏறினால் ஒட்டு நிற்காது.

அடுத்து, அழகுக்கு முன் சட்டம். எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், சைவத்துக்குப் பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். இந்தக் கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், சேருங்கள். பார்கோடை வெள்ளையில் கறுப்பாக வையுங்கள். சிவப்புக் கோடுகள் ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்துக்குத் தெரியவே தெரியாது. இவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வரையுங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருஞ்சிவப்பு நிலத்தில் வெள்ளையாக, சின்ன அளவில் 'இஞ்சி' என்று விடுகிறீர்கள். திரையில் கண்ணைப் பறிக்கும். அச்சில் அந்த நிலமே இரண்டு மூன்று மை சேர்ந்து வருவது. ஒரு மை இம்மி நகர்ந்தாலும் 'இ'யின் உள்சுழி அடைத்துக்கொள்ளும், 'ஞ்' வெறும் கறையாகிவிடும். இப்படி அடர்ந்த நிறத்தில் வெள்ளையாக விடும் ரிவர்ஸ் எழுத்து என்றால் தடித்த எழுத்துரு, கொஞ்சம் பெரிய அளவு. சிறிய கறுப்பு எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள், நான்கு வண்ணத்தையும் கலக்காதீர்கள்.

பிளாஸ்டிக் உறைகளான பவுச், சாஷே வேலை வேறு. கடலூர் சின்னி கிருஷ்ணன் போன்றவர்கள் ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்துக் காட்டிய பிறகு நம் பெட்டிக்கடைகளில் சரக்கு சரமாகத் தொங்குகிறது. சீல் விழும் விளிம்புகளில் எழுத்து வைக்கக் கூடாது. இந்த உறைகளுக்கான கிரேவியர் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செதுக்குவார்கள். அதற்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தச் சிலிண்டருக்கு மறுபடி செலவு. வாடிக்கையாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் (மாதிரிப் பிரதி) இல்லாமல் ஃபைலை அனுப்பாதீர்கள்.

படிக்க விரும்பினால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) இருக்கின்றன. எங்கே படித்தாலும் விடுமுறையில் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் போய் நில்லுங்கள். மெஷின்மேன் லென்ஸ் வைத்து அச்சில் விழுந்த மைப் புள்ளிகளைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். எந்த வகுப்பிலும் அது கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வேலை கேட்டுப் போகும்போது கற்பனை பிராண்டுகளைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் ஊரில் கடலை மிட்டாயோ அப்பளமோ போடுகிறவரிடம் கேட்டு, அவர் பொட்டலத்தைத் திருத்தி வரையுங்கள். அட்டையில் வெட்டி ஒட்டி, நிஜக் கடை அலமாரியில் மற்ற பொட்டலங்களுக்கு நடுவே வைத்து, ஆறடி தள்ளி நின்று போட்டோ எடுங்கள். பழையதும் புதியதும் அருகருகே இருக்கும் அந்தப் போட்டோவைத்தான் நீங்கள் காட்டும் வேலைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.