காபன் பூச்சுக்கு அனுப்பும் முன்

பஞ்சிகாவத்தையில் என் பட்டறைக்கு வருகிற பெடியள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, டைமண்ட் கோட்டிங் அடிச்சா கட்டர் தேயாதாமே?"

"என்னத்தை வெட்டப் போறீர்?" என்பேன். உருக்கு என்றால் பேச்சு அதோடு முடிந்தது. வெட்டும் சூட்டில் வைரத்தின் காபன் இரும்புக்குள் கரைந்துவிடும். அலுமினியம், கிராஃபைட் என்றால் தாராளமாக வாங்கலாம்.

கடையில் இரண்டு சாமானுக்கும் 'டைமண்ட்' என்றே பெயர். அசல் வைரப் படலம், ஐதரசனில் கொஞ்சம் மெதேன் கலந்து, 700 பாகைக்கு மேல் வளர்ப்பது. அந்தச் சூட்டில் உருக்கு பதம் கெடும். அதனால் கார்பைட் கட்டருக்குத்தான் போடுவார்கள். மற்றது டி.எல்.சி., அதாவது வைரம் போன்ற காபன். வைரப் பிணைப்பும் கிராஃபைட் பிணைப்பும் கலந்த கறுப்புப் படலம், 2, 3 மைக்ரான் தடிப்பு. 200 பாகைக்குள்ளேயே போடலாம் என்பதால் பிரஸில் மாட்டித் தகட்டில் துளை குத்துகிற உருக்குப் பஞ்சுக்கு (punch) இதுதான். ஆனாலும் பஞ்சை எத்தனை பாகையில் டெம்பர் செய்தீர்கள், அதாவது சூடாக்கிப் பதப்படுத்தினீர்கள் என்று பூசுபவருக்கு எழுதிக் கொடுங்கள். அடி உருக்கின் கடினமும் 60 ரொக்வெல் சி அளவில் இருக்கட்டும். மென்மையான உருக்கின் மேல் பூசினால் தலையணையில் வைத்த பப்படம் கதைதான்.

நான் கெட்டது சுத்தத்தில். ஒரு பஞ்சில் மரை போட்ட குருட்டுத் துளை, அதாவது அடி மூடிய துளை, இருந்தது. வெளியே பளபளவென்று துடைத்தேன், துளையின் அடியில் எண்ணெய் கிடந்தது. வெற்றிட அறையில் அது ஆவியாகி வந்து பஞ்சின் முகத்தில் படிந்திருக்கிறது. மூன்று கிழமை காத்திருந்து வாங்கிப் பார்த்தால், துளையைச் சுற்றி மண்ணிற வளையம். நகம் பட்டதும் வெங்காயத் தோல் போல உரிந்தது.

இப்போது துளைக்குள் ஊசிக் குழாயால் முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் அசிட்டோன் அடித்து, காற்றால் ஊதுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகு, துளை கீழே பார்க்கப் பத்திரிகைத் தாளில் நிறுத்தி, பக்கத்தில் மேசை விளக்கை ஒரு மணி நேரம் எரியவிடுவேன். தாளில் எண்ணெய்க் கறை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கொழும்புக் கடற்காற்றுக்குக் கழுவிய உருக்கு உடனே துருப்பிடிக்கும். வெளியே மட்டும் மெல்லிய எண்ணெய் தடவுங்கள், கிறீஸ் வேண்டாம்.

அதே உருக்கில், அதே பதத்தில் சின்னத் துண்டொன்றையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ரொக்வெல் சி மெஷினில் 150 கிலோ சுமையில் அதன்மேல் ஒரு குழி போட்டு, விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் மட்டும் என்றால் பிழையில்லை. செதில் செதிலாக உரிந்திருந்தால் பஞ்சைப் பிரஸில் மாட்டாமல், துண்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.