எத்தனை ட்ரங்க் லைன் வேண்டும்? எர்லாங் கணக்குப் போடும் முறை

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் தோத்தாபுரி வரத்து தொடங்கிவிட்டால் ஆபீஸ் போன் ஓயாது. தோட்டக்காரர், மண்டி, லாரி புக்கிங் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். "லைனே கிடைக்கலை" என்ற புகார் வந்ததும் குத்துமதிப்பாக இரண்டு ட்ரங்க் லைன் (ஆபீஸ் எக்ஸ்சேஞ்சை வெளியே இணைக்கும் லைன்) கூட்டுவதுதான் வழக்கம். அதற்கு முன் ஒரு வாரம் கணக்கெடுங்கள்.

ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பிடிபட்டிருந்தால் அந்தச் சுமை 1 எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதர் ஏ.கே. எர்லாங்கின் பெயர் அது. லைன் கணக்குக்கு இன்றும் பயன்படும் சூத்திரத்தை அவர் 1917-ல் வெளியிட்டார். அமெரிக்க வழி வந்த ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் மெஷின்களின் கையேட்டில் சி.சி.எஸ். என்று இருக்கும். முதல் 'சி' ரோமன் எண்ணில் நூறு. அதாவது நூறு கால்-விநாடி (இங்கே 'கால்' என்பது போன் அழைப்பு). மணிக்கு 3600 விநாடி என்பதால் 36 சி.சி.எஸ். சேர்ந்தால் 1 எர்லாங். "எக்ஸ்டென்ஷனுக்கு 6 சி.சி.எஸ்." என்று போட்டிருந்தால், ஒவ்வொரு போனும் மணிக்குப் பத்து நிமிடம் பேச்சில் இருக்கும் என்று பொருள்.

எர்லாங் என்பது நேரத்தை நேரத்தால் வகுத்து வருவது. அதனால் எந்த மணி நேரத்துக்கான கணக்கு என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நாள் முழுவதையும் கூட்டி 24-ஆல் வகுப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. நடுராத்திரியில் சும்மா கிடக்கும் லைன் காலை பத்தரைக்குக் கூப்பிடுகிறவருக்கு உதவாது. மெஷினின் கால் ரெக்கார்டை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த நான்கு துண்டுகளில் கூட்டல் எங்கே அதிகமோ அதை பிஸி ஹவராக எடுங்கள். ஐந்து வேலை நாட்களுக்கு அதே மணி நேரத்தைப் பார்த்துச் சராசரி போடுங்கள். மா சீசனில் எடுங்கள்; கார்த்திகையில் எடுத்த கணக்கு இந்த ஆலைக்குச் செல்லாது.

ஓர் உதாரணம். பிஸி ஹவரில் ட்ரங்கைப் பிடித்த கால் 60. அதில் 48-க்குப் பதில் கிடைத்தது; சராசரிப் பேச்சு 190 விநாடி, டயல் செய்யவும் மணி அடிக்கவும் 20 விநாடி, ஆக 210. மீதி 12 கால் யாரும் எடுக்காமல் தலா 60 விநாடி அடித்து நின்றன. 48-ஐ 210-ஆல் பெருக்கினால் 10080, 12-ஐ 60-ஆல் பெருக்கினால் 720. மொத்தம் 10800 விநாடி. 3600-ஆல் வகுத்தால் 3 எர்லாங், அதாவது 108 சி.சி.எஸ். பேச்சு நேரத்தை மட்டும் வைத்துப் போட்டால் 2.53 தான் வரும். யாரும் எடுக்காத மணியும் லைனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பில்லை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் மோசம்: உள்ளே வரும் கால் அதில் ஏறவே ஏறாது.

3 எர்லாங் என்றால் 3 லைன் போதுமா? போதாது. கால்கள் வரிசையில் நின்று வருவதில்லை. ஐந்து சேர்ந்தாற்போல் வரும், பிறகு ஐந்து நிமிடம் ஒன்றுமே வராது. எத்தனை கால் திரும்பிப் போகும் என்பதை எர்லாங் பி சூத்திரம் சொல்லும். சாதாரண கால்குலேட்டரே போதும். லைன் பூஜ்யம் என்றால் இழப்பு 1, அதாவது எல்லாக் காலும் திரும்பிப் போகும். அடுத்து, முந்தின விடையைச் சுமையால் பெருக்குங்கள். வந்ததை, அதனோடு லைன் எண்ணிக்கையைக் கூட்டிய தொகையால் வகுங்கள். 1 லைனுக்கு: 3-ஐ 4-ஆல் வகுத்தால் 0.75. 2 லைனுக்கு: 2.25-ஐ 4.25-ஆல் வகுத்தால் 0.529. இப்படியே போனால் 3 லைனில் 34.6 சதவீதம், 5 லைனில் 11, 7 லைனில் 2.2, 8 லைனில் 0.8. நூறில் ஒன்றுக்கு மேல் திரும்பக் கூடாது என்று வைத்தால் 8 லைன் வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மேலே உள்ள 3 எர்லாங், லைன் தாராளமாக இருந்தபோது எடுத்தது என்று வையுங்கள். 4 லைனே உள்ள ஆபீஸில் அதே சுமை வந்தால் ரெக்கார்டில் 2.38 தான் தெரியும்; மீதி எங்கேஜ்டு டோனாகப் போயிருக்கும். அளந்த சுமையை, ஒன்றிலிருந்து இழப்பைக் கழித்த எண்ணால் வகுத்தால் உண்மைச் சுமை கிடைக்கும். திரும்பினவர் மறுபடி மறுபடி ரீடயல் செய்தால் அந்த எண் கொஞ்சம் ஊதியிருக்கும்.

வரும் காலுக்கு 8, போகும் காலுக்கு 8 என்று பிரித்து வைக்கும் பழக்கம் பணத்துக்குக் கேடு. இரண்டிலும் 3 எர்லாங் என்றால் சேர்த்து 6. அதற்கு 13 லைன் போதும். லைன் கூடக் கூட ஒவ்வொன்றும் அதிகம் உழைக்கும்: 30 சேனல் உள்ள (ஒரே நேரத்தில் 30 கால் போகும்) ஒரு பி.ஆர்.ஐ. டிஜிட்டல் லைன் ஒரு சதவீத இழப்பில் 20.3 எர்லாங் தாங்கும்.

இன்டர்நெட் வழிப் பேச்சுக்கான சிப் (SIP) ட்ரங்க் வாங்கினாலும் இதே கணக்குதான். லைனுக்குப் பதில் சேனல். ஜி.711 கோடெக் (பேச்சை டிஜிட்டலாக்கும் முறை) என்றால் ஈதர்நெட் தலைப்பும் சேர்த்து ஒரு காலுக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட். 8 சேனலுக்கு 700 கிலோபிட்டைத் தனியே ஒதுக்குங்கள். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு இருந்தால் போன் எடுக்கும் ஆள் கணக்குக்கு, காத்திருப்பதையும் கணக்கில் எடுக்கும் எர்லாங் சி சூத்திரம் வேண்டும். காத்திருக்கும் நேரமும் ட்ரங்க் சுமையில் சேரும்.

லைன் போட்ட பிறகும் புகார் வந்தால் உடனே ஒன்பதாவதை வாங்காதீர்கள். ஒவ்வொரு ட்ரங்கையும் தனித்தனியாகப் பிடித்து டயல் டோன் கேளுங்கள். மழைக்குப் பிறகு கேபிளில் ஒரு லைனின் கம்பி ஜோடி செத்துக் கிடந்தால் எட்டு ஏழாகி, இழப்பு 0.8-லிருந்து 2.2 சதவீதமாகிவிடும். செத்த லைன் எப்போதும் காலியாகத் தெரிவதால், சில மெஷின்கள் அடுத்தடுத்த கால்களையும் அதிலேயே கொண்டுபோய்த் தள்ளும்.